பள்ளிக்கென ஒரு கலைத் தொகுப்பு: பதிவேட்டில் தொடங்கிப் பொறுப்பு ஒப்படைப்பு வரை

பள்ளி ஒன்று தனக்கென ஓவியங்களையும் சிற்பங்களையும் சேர்க்க நினைக்கும்போது, பெரும்பாலும் படம் முதலில் வந்துவிடுகிறது. மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுகின்றன. விழாவுக்கு வந்த ஓவியர் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார், அது தலைமையாசிரியர் அறையில் மாட்டப்படுகிறது, அடுத்த ஆண்டு இன்னொன்று வருகிறது. பத்து ஆண்டுகளில் இருபது படங்கள் சேர்ந்த பின், எது எப்போது வந்தது, பள்ளிக்குச் சொந்தமா இரவலா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை.

ஒரு பள்ளியில் இந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது வரிசையைத்தான். கணக்கெடுப்பு, கொள்கை, சுவர், பதிவேடு ஆகிய நான்கும் முடிந்த பிறகே முதல் படைப்பு வர வேண்டும். ஆகவே முதல் ஆண்டில் எதையும் வாங்காதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தைத்துக் கட்டிய கெட்டி அட்டைப் பதிவேடு ஒன்று, 2பி பென்சில்கள், அளவு நாடா, ஓரளவு நல்ல கேமரா அல்லது கைபேசி, ஈரப்பதமானி ஒன்று, பூட்டும் காற்றோட்டமும் உள்ள சிறிய அறை ஒன்று. ஒளிமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒளியை அளக்கும் கைபேசிச் செயலியே போதும். அது காட்டும் எண் துல்லியமாக இராது என்றாலும், எந்தச் சுவரில் ஒளி அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட உதவும்.

1. ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள்

எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. மாடிப்படிக்குக் கீழே, நூலக அலமாரியின் மேலே, அலுவலகத்தின் பின்பக்கத்தில் என்று பழைய படங்கள் எங்கேயாவது இருக்கும். இருவராகச் சேர்ந்து ஒவ்வோர் அறையாக நடந்து, காண்பதையெல்லாம் படம் பிடித்து, இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் கழற்றவோ துடைக்கவோ வேண்டாம்.

படங்களின் பின்பக்கத்தைப் பார்க்க மறந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஓவியரின் கையெழுத்து, கண்காட்சிச் சீட்டு, கொடுத்தவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய பின்னட்டையை மாற்ற நேர்ந்தால், அதிலுள்ள எழுத்தைப் படம் பிடித்து, சீட்டை ஓர் உறையில் போட்டுக் கோப்பில் வையுங்கள். குப்பைக்குப் போன சீட்டோடு அந்தப் படத்தின் வரலாறும் போய்விடும்.

2. ஒரே பக்கத்தில் கொள்கை எழுதுங்கள்

எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்கமாட்டோம், யார் முடிவெடுப்பார்கள், வேண்டாததை எப்படி நீக்குவோம் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் ஒரு பக்கத்துக்குள் விடை எழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானமாகவே நிறைவேற்றிக்கொள்ளுங்கள். தீர்மானமாக இல்லாத கொள்கை, எழுதியவர் ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடும்.

எதைச் சேர்ப்பது என்பதில் குறுகலாக இருக்க அஞ்ச வேண்டாம். "நல்ல ஓவியங்கள்" என்று எழுதினால் எதையும் மறுக்க முடியாது. "அச்சோவியங்களும் கோட்டோவியங்களும் மட்டும்", "வாழும் ஓவியர்களின் படைப்புகள் மட்டும்", "இந்தப் பள்ளியில் படித்தவர்களின் படைப்புகள் மட்டும்" என்பன போன்ற எல்லைகள் இருந்தால், பொருந்தாத நன்கொடையை யார் மனமும் நோகாமல் மறுக்கலாம். மறுப்பது ஆசிரியர் அல்ல, கொள்கை என்று ஆகிவிடுகிறது.

சிறிய நிதியில் தொடங்கும் பள்ளிக்கு அச்சோவியமே ஏற்றது என்பது என் கருத்து. கல்லச்சு, மரச்செதுக்கு அச்சு, உலோகத் தகட்டு அச்சு ஆகியவற்றில் ஓவியரே ஒரு தகட்டிலிருந்து வரம்பிட்ட எண்ணிக்கையில் படிகள் எடுக்கிறார். கீழ் விளிம்பில் பென்சிலால் 3/25 என்றிருந்தால், இருபத்தைந்து படிகளில் அது மூன்றாவது என்று பொருள். தனி ஓவியத்தைவிட விலை குறைவு. ஆனாலும் அது மூலப் படைப்புதான். இங்கிலாந்தில் 1946இல் பள்ளிகளுக்கென்றே கல்லச்சு ஓவிய வரிசை ஒன்று வெளியிடப்பட்டதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. ஆனால் கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகலிலும் எண் போட்டு விற்பவர்கள் உண்டு. எந்த முறையில் அச்சிட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. குழுவும் நிதியும்

ஓவிய ஆசிரியர், நிர்வாகத்திலிருந்து ஒருவர், வெளியிலிருந்து கலை அறிந்த ஒருவர், மேல்வகுப்பு மாணவர் இருவர் என ஐந்து பேர் போதும். தலைமையாசிரியர் ஒருவரே தேர்ந்தெடுத்தால், தொகுப்பு அவருடைய ரசனையாகிவிடும். அடுத்தவர் வந்ததும் அது இருப்பறைக்குப் போய்விடும்.

நிதியைப் பொறுத்தவரை, ஒரே ஆண்டில் கிடைக்கும் பெருந்தொகையைவிட ஆண்டுதோறும் வரும் சிறுதொகையே பயன் தரும். கலிஃபோர்னியாவின் கார்டேனா உயர்நிலைப் பள்ளியில் 1919 முதல் 1956 வரை, படிப்பை முடித்து வெளியேறும் வகுப்பினர் தாங்களே ஓவியம் தேர்ந்து வாங்கிப் பள்ளிக்கு அளித்து வந்தார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று வளர்ந்தே அது பெயர் பெற்ற தொகுப்பானது. இந்த முறையை எந்தப் பள்ளியும் பின்பற்றலாம், ஒரு திருத்தத்தோடு: திரட்டிய பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிரேமுக்கும் பராமரிப்புக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். படத்துக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மலிவான பிரேமில் அதை அடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4. சுவரை அளந்த பிறகே படத்தைத் தேடுங்கள்

படத்தை அழிப்பவற்றில் முதலிடம் ஒளிக்கு. அது செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். மங்கிய நிறம் இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. நீர்வண்ணம், காகிதப் படைப்புகள், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸும் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக் வண்ணத்துக்கும் 200 லக்ஸும் அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கொள்ளும் அளவுகள்.

பள்ளித் தாழ்வாரத்தில் 50 லக்ஸ் கிடைப்பது அரிது. ஆகவே கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று 50 லக்ஸில் மாட்டியிருந்தால் ஆண்டின் மொத்தம் 80,000 லக்ஸ்-மணி. சன்னலுக்கு எதிரேயுள்ள 1,000 லக்ஸ் சுவரில் அதே அளவு ஒளியைப் படம் பத்தே நாளில் வாங்கிவிடுகிறது.

இதை நான் ஒரு நீர்வண்ண ஓவியத்தில் கண்ணாலேயே பார்த்தேன். மேற்குச் சன்னலுக்கு எதிரே பல ஆண்டுகள் தொங்கிய அந்தப் படத்தில் வானம் வெளிறிய சாம்பல் நிறமாக இருந்தது. ஓவியர் மேகமூட்டத்தைத்தான் வரைந்திருக்கிறார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். படத்தின் விளிம்பைச் சுற்றி மூடியிருந்த மவுண்ட் அட்டையைக் கழற்றியபோது, அதன் அடியில் மறைந்திருந்த விரல் அகல விளிம்பு முழுவதும் ரோஜாச் சிவப்பு. அது அந்தி வானம்.

எனவே ஒவ்வொரு சுவரையும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை அளந்து, பள்ளியின் தரைப்படத்தில் எழுதிவையுங்கள். நேரடி வெயில் படும் சுவர், தண்ணீர்க் குழாயை அடுத்த சுவர், மழை நாளில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், கதவு திறந்தால் மோதும் இடம், பந்து விளையாடும் இடத்தை ஒட்டிய தாழ்வாரம், கரும்பலகைச் சுண்ணத்தூள் படியும் இடம் எல்லாம் கழிந்தால், பெரிய பள்ளியிலும் எஞ்சுவது சில சுவர்களே. அந்த எண்ணிக்கையே உங்கள் தொகுப்பின் வேகத்தை முடிவு செய்யட்டும்.

5. பதிவேடும் சேர்க்கை எண்ணும்

தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதற்குப் பதிவேடே சான்று. கணினியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தைத்துக் கட்டிய, பக்க எண் இட்ட பதிவேடு கட்டாயம் வேண்டும். கணினிக் கோப்பில் ஒரு வரி காணாமல் போனால் தெரியாது. கட்டிய ஏட்டில் ஒரு தாள் போனால் தெரிந்துவிடும்.

எண் இடும் முறை எளிது. வந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, தேவையானால் பகுதி எண். 2024.7 என்றால் 2024ஆம் ஆண்டின் ஏழாவது வரவு. அது மூன்று துண்டுகள் சேர்ந்த படைப்பாக இருந்தால் 2024.7.1, 2024.7.2, 2024.7.3. எண்ணில் ஓவியரின் பெயர்ச்சுருக்கத்தையோ அறையின் பெயரையோ நுழைக்காதீர்கள், ஏனெனில் அறை மாறும். படைப்பு தொகுப்பை விட்டுப் போனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு பதிவிலும் எண், ஓவியர் பெயர், தலைப்பு, படைத்த ஆண்டு, ஊடகம், அளவு, வந்த வழி, வந்த தேதி, கொடுத்தவர், விலை, பதிப்புரிமை பற்றிய குறிப்பு, இப்போது இருக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். இடத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், மற்றவை மையில். அளவைப் பிரேம் இல்லாமல், உயரம் முதலில், அகலம் அடுத்து என்று எழுதுவது பொது வழக்கம். தலைப்புத் தெரியாவிட்டால் நீங்களாக ஒன்று சூட்டாமல், "தலைப்பு தெரியவில்லை, கிணற்றடியில் இரு பெண்கள்" என்பதுபோல் விவரித்து எழுதுங்கள். "தலைப்பற்றது" என்பது ஓவியரே வைத்த பெயராகவும் இருக்கலாம். இரண்டையும் குழப்பக் கூடாது.

எண்ணைப் படைப்பின் மேல் எங்கே எழுதுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். காகிதப் படைப்பானால் பின்பக்கக் கீழ்மூலையில் 2பி பென்சிலால், கடினமான பரப்பின் மேல் வைத்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் வடுவை ஏற்படுத்தும். மை ஊறிக் கசியும். கேன்வாஸானால் துணியின் முதுகில் எழுதாமல், அதை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் எழுதுங்கள். கல், உலோகச் சிற்பங்களுக்கு அடிப்பக்கத்தில் பாராலாய்டு பி-72 என்ற தெளிவான பிசினை மெல்லியதாகப் பூசி, உலர்ந்ததும் அதன் மேல் எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சுக் கொடுப்பது வழக்கம். பின்னாளில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். பிளாஸ்டிக்கும் வண்ணம் பூசிய பரப்பும் அசிட்டோனைத் தாங்கா என்பதால், அவற்றுக்கு நூலில் கட்டிய சீட்டே போதும்.

பிரேமில் மட்டும் எண் எழுதுவது பெரும் பிழை. நான் பொறுப்பேற்ற தொகுப்பில், ஒரே அளவுள்ள இரண்டு படங்களைப் பிரேம் மாற்றக் கழற்றியவர் இடம் மாற்றிப் பொருத்திவிட்டார். அதன்பின் ஆறு ஆண்டுகள் இரண்டும் ஒன்றன் பெயரை மற்றொன்று சுமந்து தொங்கின.

6. படைப்பைச் சேர்த்தல்

வாங்கும்போது ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஐந்தும் இருக்க வேண்டும். "ஓவியம் ஒன்று" என்று எழுதிய ரசீது தணிக்கைக்கு உதவலாம். உடைமையை நிறுவ உதவாது. வாங்கிய கையோடு, எதைப் பார்த்து எப்படி வரைந்தார் என்று ஓவியரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். ஓவியர் உயிரோடு இருக்கும்போது பத்து நிமிட வேலை. பிறகு எத்தனை ஆண்டு தேடினாலும் கிடைக்காது.

நன்கொடைக்கு இரு தரப்பும் கையொப்பமிட்ட கடிதம் கட்டாயம். அதில் படைப்பு தம்முடையது என்பதும், நிபந்தனையின்றிப் பள்ளிக்கு உரிமை மாற்றப்படுகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். "எப்போதும் வரவேற்பறையில்தான் மாட்டியிருக்க வேண்டும்" என்பன போன்ற நிபந்தனைகளை ஏற்காதீர்கள். ஏற்றால் அந்தச் சுவர் இனிப் பள்ளியுடையதன்று. இரவலாக வந்ததற்குத் தனி ஏடும் திருப்பித் தரும் தேதியும் தேவை. அதைச் சேர்க்கை எண் வரிசையில் கலக்கக் கூடாது.

படைப்பு பள்ளியுடையதானாலும் அதன் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தந்தாலன்றி, பொதுவாக ஓவியரிடமே இருக்கும். நாட்காட்டி, ஆண்டு மலர், இணையதளம் ஆகியவற்றில் வெளியிட முதல் நாளிலேயே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மாணவர் படைப்புகளைச் சேர்ப்பதானால் அவற்றுக்கும் இதே விதிகள்தான். மாணவரின் ஓவியம் பள்ளித் தாளில், பள்ளி வண்ணத்தில் வரையப்பட்டது என்பதால் மட்டும் பள்ளிக்குச் சொந்தமாகிவிடாது. மாணவரின் விருப்பமும் பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று என்று வரம்பு வைத்துக்கொள்ளாவிட்டால், சில ஆண்டுகளில் தொகுப்பு வெறும் தாள்கட்டாகிவிடும்.

7. வந்த நாளில் செய்ய வேண்டியவை

நேராகச் சுவருக்குக் கொண்டுபோகாதீர்கள். மரமும் காகிதமும் துணியும் உள்ள படைப்பைத் தடித்த பாலித்தீன் உறையில் மூடி, மற்றவற்றிலிருந்து விலக்கி, இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உறையின் அடியில் மாவு போன்ற மரத்தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இருக்கிறது. ராமபாணப் பூச்சி இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

பின்னர் நிலை அறிக்கை எழுதுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழச் செய்து ஒன்று எனப் படங்கள் எடுங்கள். சாய்ந்து விழும் ஒளியில் வண்ணத்தின் உப்பலும் விரிசலும் காகிதத்தின் மடிப்பும் தெளிவாகத் தெரியும். "நல்ல நிலை" என்று மட்டும் எழுதாமல், "மேல் இடமூலையில் 2 செ.மீ. கிழிசல்" என்று இடமும் அளவும் எழுத வேண்டும், அடுத்த ஆண்டு சேதம் கூடியதா என்று ஒப்பிடவே இந்த அறிக்கை.

8. பிரேம் போடுதல்

பிரேம் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், கைக்குக் கிடைத்த அட்டையில் பசை தடவி ஒட்டித்தான் திரும்பி வரும். மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் சரிபாருங்கள்.

முதலாவது, படத்தைத் தொடும் மவுண்டும் பின்னட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். சாதாரண அட்டையின் அமிலம் சில ஆண்டுகளில் படத்தின் விளிம்பைப் பழுப்பாக்கிவிடும்.

இரண்டாவது, செல்லோ டேப்பும் ரப்பர் பசையும் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷனைத் திரும்ப எடுக்க முடியாது. மாவுச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றுகளும் கொண்டு, படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில் தொங்கவிடுவதே முறை. காகிதம் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாக எழும்பும்.

மூன்றாவது, கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. பிள்ளைகள் ஓடும் தாழ்வாரத்தில் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு பாதுகாப்பானது. ஆனால் பேஸ்டல், கரிக்கோல் ஓவியங்களுக்கு அது ஆகாது. அதில் உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடி போட்டு, நெரிசல் இல்லாத அறையில் மாட்டுங்கள்.

9. மாட்டுதல்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரியவர்களின் கண்மட்டத்துக்கு ஏற்றது. சிறுவர் வகுப்புகள் உள்ள பகுதியில் அவர்களின் கண்மட்டத்தை அளந்து இறக்குங்கள். கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் பத்திரம் என்று எண்ணி, யாரும் பார்க்காத இடத்தில் வைத்துவிடுகிறோம்.

ஒரே ஆணியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கிகள் பயன்படுத்துங்கள். படம் சாயாது, ஒன்று கழன்றாலும் விழாது. வெளிச்சுவரானால் பிரேமின் கீழ்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகள் ஒட்டிக் காற்று போக வழிவிடுங்கள். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்தால் பூஞ்சை பிடிக்கும்.

10. சுழற்சியும் இருப்பறையும்

காகிதப் படைப்புகளை ஆண்டில் மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் மாட்டி வைக்காதீர்கள். பருவத்துக்கு ஒருமுறை மாற்றினால் படமும் பிழைக்கும். பிள்ளைகளும் சுவரை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இருப்பறையில் படங்களைத் தரையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உயரத்தில், தடுப்புகளுக்கிடையே நிற்க வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அதில் அமிலமும் உண்டு, ஒட்டும் மையும் உண்டு. குமிழிப் பிளாஸ்டிக்கை நேரடியாக வண்ணத்தின் மேல் சுற்றினால் வட்டவட்டமாகத் தடம் விழும். அக்ரிலிக் வண்ணம் வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

11. நீக்கம், தணிக்கை, ஒப்படைப்பு

கொள்கைக்குப் பொருந்தாதது, பழுதுபார்க்க முடியாதது என்று சில படைப்புகளை நீக்க நேரும். குழுவின் எழுத்துத் தீர்மானம் இன்றி நீக்கக் கூடாது. விற்றால் கிடைக்கும் பணம் தொகுப்புக்கே திரும்ப வேண்டும் என்பது ஐகாம் எனப்படும் பன்னாட்டு அருங்காட்சியகங்கள் அமைப்பின் நெறி. பள்ளியும் இதைத் தன் கொள்கையில் எழுதிக்கொண்டால், கூரை ஒழுகும் ஆண்டில் படங்களை விற்கும் யோசனைக்கு இடமிராது. பதிவேட்டில் அந்த வரியை அடிக்காமல், நீக்கிய தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆண்டுத் தணிக்கையை இரு வழியிலும் செய்ய வேண்டும். பதிவேட்டிலிருந்து பத்து எண்களை எடுத்துப் படைப்புகளைத் தேடுவது ஒன்று; சுவரிலிருந்து பத்துப் படங்களை எடுத்துப் பதிவேட்டில் தேடுவது மற்றொன்று. முதலாவது காணாமல் போனவற்றைக் காட்டும். பதிவாகாமலே நுழைந்தவற்றை இரண்டாவதுதான் காட்டும். பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்வதில்லை.

பொறுப்பாசிரியர் மாறும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள். பழையவரும் புதியவரும் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படைப்பின் முன்னும் நின்று, எண்ணைச் சரிபார்த்து, கடைசிப் பதிவின் கீழே கோடிட்டு, "இதுவரை உள்ளவை அனைத்தும் பார்வையிடப்பட்டன, காணாதவை இவை" என்று எழுதித் தேதியோடு இருவரும் கையொப்பமிட வேண்டும். நூறு படைப்புகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அந்த நாளைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நாளில் தொடங்கினால் பாதியிலேயே நின்றுவிடும்.